நாலு மணிக்குத் திறக்கும் கடை

ஊர் சுற்றிக் காட்டும் உத்தியோகத்தைச் சந்தானத்துக்கு யாரும் கொடுக்கவில்லை. அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரியின் வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மாயவரம், கும்பகோணம் பக்கத்திலிருந்து ஷீரடிக்குக் கிளம்புகிற எல்லோருக்கும் புனேயில் சந்தானம் என்று ஒருவர் இருப்பது எப்படியோ தெரிந்துவிடும். வருவார்கள், இரண்டு நாள் தங்குவார்கள், "பார்க்க என்னப்பா இருக்கு இங்கே?" என்பார்கள். சனிவார் வாடா கோட்டை, தகடூசேட் கணபதி கோயில், துளசி பாக் கடைத்தெரு, பர்வதி மலை. மாமனாருக்கு இரண்டு தடவை, சகலைக்கு மூன்று தடவை, சகலையின் சம்பந்திக்கு ஒரு தடவை என்று காட்டிக் காட்டி அவருக்கு அந்த இடங்களின் மேலேயே ஒரு வெறுப்பு வந்திருந்தது. போதாக்குறைக்கு வலது முட்டியில் வலி.

கிட்டு வந்தது வேறு மாதிரி. அவன் பள்ளிக்கூடத்துச் சினேகிதன். இருபத்திரண்டு வருஷமாக வா, வா என்று கூப்பிட்டு, வராமலே இருந்து, போன வருஷம் நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்ட பிறகு "இனிமே எதையும் தள்ளிப் போடறதில்லைடா" என்று தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் வந்து இறங்கினான். டாக்டர் தினம் நடக்கச் சொல்லியிருந்தார். அதற்காக வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கியிருந்தான். ஆட்டோவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் வந்த மறுநாள் வியாழக்கிழமை. சந்தானம் லீவு போட்டிருந்தார். காலை எட்டேகாலுக்குப் போன் அடித்தது. கிட்டு குளித்துக்கொண்டிருந்தான்.

"சந்தானம், பக்கத்துல கிட்டு இருக்கானா?" மெட்ராஸிலிருந்து கிட்டுவின் அக்கா வீட்டுக்காரர். கிட்டுவுக்கு அத்தான் என்பதால் சந்தானத்துக்கும் அவர் அத்தான்தான்.

"குளிக்கிறான் அத்தான்."

"அப்ப சரி. அபயா போயிட்டாப்பா. விடியக்காலைல நாலு மணிக்கு. தூக்கத்துலயே."

அத்தான் நிறுத்தாமல் பேசினார். நிறுத்தினால் உடைந்துவிடுவார் போலிருந்தது.

"அவன்கிட்ட சொல்லாதே. நெஞ்சு சரியில்லாதவன். அவ்வளவு தூரம் தனியா ரயில்ல அழுதுகிட்டு வந்து, அவனுக்கும் ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு எடுத்துடறோம். ஞாயித்துக்கிழமை டிக்கெட்டுக்கே அவன் வரட்டும். வந்தப்புறம் நாங்க பக்குவமா சொல்லிக்கறோம்."

"கோடி?" என்றார் சந்தானம். ஏன் அதைக் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"நானே ஒரு புடவை வாங்கி அவன் பேரைச் சொல்லிப் போட்டுடறேன். வேற என்ன செய்ய?"

கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் கடைசியாக அவள்மேல் விழுவது பிறந்த வீட்டுப் புடவை. அந்தக் கோடி வராமல் பாடை கிளம்பாது. அபயாம்பாளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது கிட்டு ஒருவன்தான். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. அபயாக்காவுக்குப் பதினாறு. அவள்தான் அவனைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். கூடவே ஒட்டிக்கொண்டு வந்த சந்தானத்துக்கும் தட்டுப் போட்டாள்.

அடுப்படியில் மல்லிகாவிடம் அவர் ரகசியமாகச் சொன்னதும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லாம மறைக்கறதாவது! கூடப் பொறந்தவ மொகத்தைப் பார்க்கணுமா வேண்டாமான்னு நீங்களும் அத்தானும் யாரு தீர்மானிக்க? சாயங்காலம் ஆறரைக்கு மெட்ராஸ் வண்டி இருக்கு. ஏறினா நாளைக்கு மூணரைக்குப் போயிடலாம். தம்பி வர்றார்னு சொன்னா அவங்க காத்திருக்க மாட்டாங்களா?"

"நெஞ்சு, மல்லிகா..."

"நெஞ்செல்லாம் தெச்சு சரியாத்தான் இருக்கு. ஆனா வயித்துக்கு ஏதாவது போட்டப்புறம் சொல்லுங்க. சொல்லிட்டா மனுஷன் தண்ணிகூடத் தொடமாட்டார். வீட்டுல வேண்டாம், போன் வந்துகிட்டே இருக்கும். வெளியே கூட்டிட்டுப் போங்க. மத்தியானம் சாப்பிட வெச்சுட்டு, பக்குவமா சொல்லி, நேரா ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. பையை நான் எடுத்துகிட்டு வர்றேன்."

பக்குவமாம். அத்தானும் அதைத்தான் சொன்னார், இவளும் அதைத்தான் சொல்கிறாள். ஆளுக்கொரு பக்குவத்தை எடுத்துச் சந்தானம் தலையில் வைத்துவிட்டார்கள். கிட்டு துவட்டிக்கொண்டு வந்து, ஐந்து இட்லி சாப்பிட்டு, ஷூவின் நாடாவைக் கட்டி, "கிளம்புடா கைடு" என்றான்.

லோக்கல் ரயிலில் சிவாஜி நகர் வந்து அங்கிருந்து நடந்தார்கள். ஆற்றுப்பாலத்தில் கிட்டு முன்னாலும் சந்தானம் பின்னாலும். நெஞ்சைத் தைத்துக்கொண்டவன் துள்ளிக்கொண்டு போனான். நல்ல நெஞ்சுள்ளவர் நொண்டிக்கொண்டு போனார்.

சனிவார் வாடாவின் பெரிய கதவையும் அதில் துருத்திக்கொண்டிருந்த இரும்பு முட்களையும் கிட்டு தொட்டுத் தொட்டுப் பார்த்தான். உள்ளே போனதும் ஏமாந்துவிட்டான்.

"என்னடா, வெறும் மதிலும் புல்லும்தான் இருக்கு. அரண்மனை எங்கே?"

"எரிஞ்சு போச்சு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

சந்தானத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அவன் அரண்மனையைச் சொல்கிறான் என்று புரிந்து, "சொன்னா உள்ளே வரமாட்டியே" என்று எதையோ சொல்லிச் சமாளித்தார்.

கணபதி கோயிலில் கூட்டம் இல்லை. கிட்டு தேங்காயும் அறுகம்புல் மாலையும் வாங்கிக்கொண்டு கண்ணை மூடி நின்றான். வெகுநேரம் நின்றான். வெளியே வந்து, அவன் ஷூவுக்கும் தன் செருப்புக்கும் காவல் நின்ற சந்தானத்தின் கையில் பிரசாதத்தை வைத்து, "அக்காவுக்கு வேண்டிகிட்டேன்டா" என்றான். "படுத்தா எந்திரிக்க முடியலைங்கறா. எந்திரிச்சா உட்கார முடியலைங்கறா. இந்தப் பிள்ளையார்கிட்ட சொன்னா நடக்கும்னு உன் பெண்டாட்டி சொன்னா."

சந்தானம் பிரசாதத்தை வாயில் போட்டுக்கொண்டார். இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கோயில் வாசலில் வேண்டாம். சாப்பிடட்டும். சாப்பிட்டுவிட்டால் சொல்லிவிடலாம். ஒரு வேளைச் சாப்பாட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஒளிவது அவருக்கு அந்த நிமிஷத்தில் பெரிய சௌகரியமாக இருந்தது.

தெருத்தெருவாக அலைந்தார்கள். பித்தளைப் பாத்திரக் கடைகள், மரப்பொம்மைகள், பழைய மாளிகைகளின் மரப் பால்கனிகள். கிட்டு எல்லாவற்றின் முன்னாலும் நின்றான். எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டான். சந்தானம் இருபத்திரண்டு வருஷமாகச் சொன்ன பதில்களையே சொன்னார். வாய் பாட்டுக்குப் பேசியது. மனசு மட்டும் கடிகாரத்தின் மேலேயே இருந்தது.

ஒரு மணிக்கு ஒரு கடையில் தட்டுச் சாப்பாடு. கிட்டு பாக்ரி என்கிற சோள ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து ரசித்துச் சாப்பிட்டான். மோர் இரண்டு தடவை வாங்கினான். சந்தானம் தட்டைக் கிளறிக்கொண்டே, அவன் கை கழுவி வந்ததும் என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அடுக்கிப் பார்த்தார். 'கிட்டு, காலைல அத்தான் போன் பண்ணார்.' அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் மீதியை அவனே தெரிந்துகொள்வான்.

கிட்டு கை கழுவி, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"கிட்டு, காலைல..."

"இரு, நான் மறந்துடுவேன். அக்காவுக்கு ஒரு புடவை எடுக்கணும். இந்த ஊர்ப் புடவை. ஐம்பத்தொன்பது முடியப்போவுது அவளுக்கு. நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ பதினெட்டு நாள் தரையில படுத்தா, தெரியுமா? ஒரு புடவைகூட நான் என் கையால வாங்கிக் கொடுத்ததில்லைடா. எப்பவும் அத்தான் கையில பணமாக் கொடுத்து வாங்கிக்கங்கன்னுதான். ம், நீ என்ன சொல்ல வந்தே?"

"காலைல... மல்லிகா உனக்கு மோர் மொளகா கொடுத்தாளே, நல்லா இருந்துதா?"

இப்படியும் ஒரு மனுஷன் கோழையாக இருக்க முடியுமா? முடியும். ஐம்பது வயதில், தலை நரைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்க முடியும்.

லட்சுமி ரோட்டுக்குப் போனார்கள். ஒரு கடை பாக்கியில்லாமல் ஷட்டர் இறக்கியிருந்தது. கிட்டு திகைத்துப்போனான்.

"யாராவது தலைவர் போயிட்டாரா?"

"இல்லடா. இந்த ஊர்ல ஒரு மணிக்குச் சாத்தினா நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. சாப்பிட்டுத் தூங்குவாங்க."

"வியாபாரியா தூங்கறான்? பட்டப்பகல்லயா?" கிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நல்ல ஊருடா இது! சரி, நாலு மணி வரைக்கும் எங்கே?"

சந்தானம் வாட்சைப் பார்த்தார். ஒன்று ஐம்பது. நான்கு மணிக்குப் புடவை, ஆறரைக்கு வண்டி. இடையில் இரண்டு மணி நேரம். அவனை ஒரு மரத்தடியில் உட்கார வைத்துச் சொல்லிவிடலாம். தாராளமான நேரம். அவர் பர்வதி மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

நூற்றுச் சொச்சம் படிகள். யானை ஏறுகிற அளவுக்கு அகலமான கல்படிகள். கிட்டு நிதானமாக, டாக்டர் சொன்னபடி, பத்துப் படிக்கு ஒருமுறை நின்று ஏறினான். சந்தானம் ஐந்து படிக்கு ஒருமுறை நின்றார். பாதி வழியில் முட்டி பிடித்துக்கொண்டது. மேலே நின்று கிட்டு கைகொட்டினான்.

"ஏய், எனக்கா உனக்காடா ஆபரேஷன்?"

மேலே காற்று வந்தது. ஊர் முழுக்கக் கீழே கிடந்தது. கிட்டு மதிலோரம் நின்று ஒவ்வொன்றாகக் கையைக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டான். பிறகு கேள்விகள் நின்றன. சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

"சந்தோஷமா இருக்குடா" என்றான். "நெஞ்சு கிழிஞ்சு கிடந்தப்போ இதெல்லாம் இனிமே கிடையாதுன்னு நெனச்சேன். அடுத்த வருஷம் அக்காவைக் கூட்டியாறேன். இந்தப் படியெல்லாம் ஏறமாட்டா. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கிட்டு வந்துடலாம்." சொல்லிவிட்டு அந்தக் காட்சியை நினைத்தோ என்னவோ பெரிதாகச் சிரித்தான்.

சந்தானமும் சிரித்தார். சிரித்துத் தொலைத்தார். அவன் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையை எடுக்க அவரால் முடியவில்லை. இன்னும் பத்து நிமிஷம் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. காலையிலிருந்து ஒவ்வொரு பத்து நிமிஷத்தையும் அப்படித்தான் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

நாலு மணிக்கு லட்சுமி ரோட்டில் ஷட்டர்கள் ஏறத் தொடங்கின. முதலில் திறந்த புடவைக் கடையில் கிட்டு ஷூவைக் கழற்றிவிட்டு வெள்ளை மெத்தையில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தூக்கம் கலையாத கண்ணோடு கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். பச்சை, நீலம், மாம்பழ மஞ்சள். கிட்டு ஒவ்வொன்றையும் விரலால் நெருடிப் பார்த்தான். சந்தானம் அவன் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். காலையிலிருந்து அலைந்து களைத்த உடம்பு எங்கோ ஆழத்துக்கு இறங்கியது. அத்தான் இந்நேரம் அயனாவரத்தில் ஏதோ ஒரு கடையில் கிட்டு பேரைச் சொல்லி ஏதோ ஒரு புடவையை வாங்கியிருப்பார். இங்கே பிறந்த வீடு மெத்தையில் உட்கார்ந்து நிஜமாகவே புடவை எடுத்துக்கொண்டிருக்கிறது. எதைப் போட்டால் அபயாக்காவுக்கு நன்றாக இருக்கும்? பச்சை பரவாயில்லை. சுமங்கலியாகப் போயிருக்கிறாள், சிவப்புதான் சரி.

"இதாண்டா!" என்றான் கிட்டு.

கறுப்பு. சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டு, சிவப்புக் கரை. இந்த ஊரில் சங்கராந்திக்குப் பெண்கள் ஆசையாகக் கட்டிக்கொள்வது.

"அக்கா நல்ல சிவப்பு. எடுப்பா இருக்கும். நம்ம பக்கத்துல யாரு கறுப்பு எடுக்கறா? நான் வாங்கிக் கொடுத்தா கட்டிப்பா. என்ன சொல்றே?"

"கறுப்பு வேண்டாம்டா" என்றார் சந்தானம் களைப்போடு. "கறுப்பைக் கொண்டுபோய்க் கோடியாப் போடுவாங்களா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது.

கிட்டுவின் கை புடவையின் மேலேயே இருந்தது. கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அடுத்த புடவையைப் பிரிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

"எப்போ?" என்றான் கிட்டு.

"விடியக்காலை நாலு மணி. தூக்கத்துலயே. கஷ்டப்படலை."

"உனக்கு எப்போ தெரியும்?"

"எட்டேகால்."

கிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. மயங்கி விழவில்லை. அத்தானும் அவரும் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. முகம் மட்டும் வற்றிப்போனது. சந்தானம் எல்லாவற்றையும் கொட்டினார். அத்தான் சொன்னது, மல்லிகா சொன்னது, நாளைக்குப் பதினோரு மணி, சாயங்காலம் ஆறரை மணி. கிட்டு கேட்டானா என்றே தெரியவில்லை. கறுப்புப் புடவையை மெதுவாக மடித்து ஒதுக்கி வைத்தான்.

"செவப்பு காட்டச் சொல்லு" என்றான்.

சந்தானம் மராத்தியில் சொன்னார். கடைக்காரர் எடுத்துப் போட்டார். கிட்டு பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒன்றின்மேல் கையை வைத்தான். பரிசுதானே என்று கேட்டுக் கடைக்காரர் அதைப் பூப்போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டினார். வேண்டாம் என்று சொல்லச் சந்தானத்துக்குத் திராணியில்லை.

பக்கத்திலேயே எஸ்டிடி பூத். கண்ணாடிக் கதவைச் சாத்தாமலே கிட்டு பேசினான். குரல் நிதானமாக இருந்தது.

"அத்தான், நான்தான். சொல்லிட்டான். நான் கோடி எடுத்துட்டேன். நாளைக்கு மூணரைக்கு வண்டி வந்துடும். நான் வராம எடுக்கக்கூடாது." எதிர்முனையில் என்னவோ நீளமாகச் சொன்னார்கள். "பந்தல்காரன், ஐயர், வர்றவங்க, எல்லாரும் காத்திருக்கட்டும். அவளுக்குப் பொறந்த வீடு நான் ஒருத்தன்தான். எனக்குப் பதிலா நீங்க போடமுடியாது அத்தான்." மறுபடி கேட்டான். "சரி. அஞ்சு மணி."

வெளியே வந்து ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்றான். சந்தானம் ஆட்டோவுக்குக் கை நீட்டினார். கிட்டு நிற்காமல் நடந்தான். மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஆபீஸ் விட்டு ஸ்கூட்டர்கள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தன. முட்டி ஒவ்வொரு அடிக்கும் கத்தியது.

பாதி வழியில் கிட்டு கேட்டான். "மலை மேல நான் அக்காவைத் தூக்கிட்டு வரலாம்னு சிரிச்சேனே. நீயும் சிரிச்சியே. அப்ப என்னடா நெனச்சுகிட்டிருந்தே?"

அக்காவை நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். உனக்காக மனசு கிடந்து அடித்துக்கொண்டது என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து பொய்யைச் சுமந்ததில் இன்னொன்றைத் தூக்க அவருக்குத் தெம்பில்லை.

"எப்படா வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுப்போம்னு நெனச்சேன்" என்றார்.

கிட்டு நின்று அவரைப் பார்த்தான். அட்டைப்பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தான். ஆனால் மெதுவாக நடந்தான்.

ஸ்டேஷனில் மல்லிகா பையோடும் தயிர்சாதப் பொட்டலத்தோடும் நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும்தான் கிட்டு அழுதான். பிளாட்பாரத்துத் தூணில் சாய்ந்து, "எனக்கு யாருமில்லைம்மா" என்று வாய்விட்டு அழுதான். மல்லிகா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். சந்தானம் பையை வைத்துக்கொண்டு நின்றார். வண்டி வந்தது. டிக்கெட் பரிசோதகரிடம் கெஞ்சி ஒரு மூலையில் இடம் பிடித்துக் கொடுத்தார். வண்டி நகரும்போது கிட்டு ஜன்னலில் முகத்தை வைத்துச் சொன்னான்.

"எட்டு மணி நேரம்டா. அவ அங்கே கிடக்கறா, நான் இங்கே மோர் கேட்டு வாங்கிக் குடிச்சிருக்கேன்."

மறுநாள் ராத்திரி எட்டு மணிக்குப் போன் வந்தது. சந்தானம்தான் எடுத்தார்.

"பார்த்துட்டேன்" என்றான் கிட்டு. "கோடி போட்டாச்சு. மொகம் நல்லா இருந்துது. தூங்கற மாதிரி. இப்பதான் எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தோம்." பின்னால் யாரோ பெண்கள் அழுதார்கள். "உன்மேல எனக்குக் கோபம் இருக்குடா. அது போறப்போ போகட்டும். நீ குளிச்சியா?"

"இல்லையே, ஏன்?"

"அக்கா போயிருக்காடா. உனக்கும்தானே அக்கா? தலைக்குத் தண்ணி ஊத்திக்க."

வைத்துவிட்டான். சந்தானம் குளியலறைக்குப் போய் வாளியில் தண்ணீரைப் பிடித்தார். நேற்றுக் காலை எட்டேகாலிலிருந்து அவர் அபயாக்காவை ஒரு சேதியாக மட்டுமே தூக்கிக்கொண்டு அலைந்திருந்தார். எங்கே இறக்குவது, யாரிடம், எப்போது என்பதைத் தவிர அவளைப் பற்றி வேறு எதையும் நினைக்கவில்லை. முதல் சொம்பைத் தலையில் ஊற்றியபோதுதான் அவள் செத்துப்போனது அவருக்குத் தெரிந்தது. வெளியே மல்லிகா கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். அவர் தண்ணீரைத் திறந்துவிட்டு, சின்னப் பையன்போல் அழுதார்.